ரிமோட் பேட்டரியை முழுக்கத் தீரவிடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் வீட்டுக்குறிப்புப் பகுதியில் சில நாட்களுக்கு முன் யுனிவர்சல் ரிமோட், அதாவது பல கருவிகளை ஒன்றே இயக்கும் ரிமோட், பற்றி நாலு வரி வந்திருந்தது. சார்ஜ் ஏற்றும் வகை ரிமோட்டாக இருந்தால் பேட்டரி சுத்தமாகத் தீர்ந்து அணையும் வரை பயன்படுத்திவிட்டு, அப்புறம் ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டு வைக்க வேண்டும், அப்போதுதான் நீண்ட நாள் உழைக்கும் என்று. இதைப் படித்த எத்தனை பேர் அப்படியே செய்ய ஆரம்பித்திருப்பார்களோ என்று கவலையாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அந்த அறிவுரை தவறு. ஒரு காலத்தில் ஒரு வகை பேட்டரிக்குப் பொருந்தியது, இன்றைக்கு ரிமோட்டுக்குள் இருக்கும் பேட்டரியை அது கெடுக்கும். அதே பகுதியில் ஒரு திருத்தம் போடுங்கள், இந்தக் கடிதம் முழுவதையும் போட இடமில்லை என்றாலும் திருத்தத்தையாவது போடுங்கள்.

நிக்கல் காட்மியம் பேட்டரிகள் புழங்கிய காலத்து விஷயம் அது. தினமும் ஒரே மட்டம் வரை இறக்கி, மறுபடி சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருந்தால், அந்த மட்டத்துக்குக் கீழே போனதும் வோல்டேஜ் சரிந்துவிடும். மெமரி எஃபெக்ட் என்பார்கள். அதைப் போக்கத்தான் அவ்வப்போது முழுக்கத் தீரவிடச் சொன்னார்கள். சோனி நிறுவனம் 1991-ல் லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு கையடக்கச் சாதனங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போய்விட்டன, திரை வைத்த, ஸ்டாண்டில் நிறுத்திச் சார்ஜ் செய்கிற யுனிவர்சல் ரிமோட்டுகளில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். பேட்டரி மேல் 3.7 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

லித்தியம் அயனுக்குப் பாதியில் சார்ஜ் போடுவதால் ஒரு கெடுதலும் இல்லை. உண்மையில் 30, 40 சதவீதம் இருக்கும்போதே எடுத்துச் சார்ஜில் வைப்பதுதான் அதற்கு நல்லது. 300 முறை, 500 முறை என்றெல்லாம் சொல்லப்படும் ஆயுள் கணக்கு இருக்கிறதே, அது முழுசாகத் தீர்த்து முழுசாக ஏற்றுவதை ஒரு முறை என்று வைத்துப் போட்டது. பாதி இறக்கிப் பாதி ஏற்றினால் அப்படி இரண்டு சேர்ந்துதான் ஒன்று, அதிலும் தேய்மானம் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே பாதியில் சார்ஜ் போட்டால் ஒரு முறை வீணாகிறது என்ற பயமும் தேவையில்லை.

தீரவிடுவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, ரிமோட்டுக்கு அது குறிப்பாகப் பொருந்தும். பேட்டரி காலி என்று சொல்லி ரிமோட் அணையும்போது உள்ளே இன்னும் 3 வோல்ட்டை ஒட்டிக் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அன்றைக்கே சார்ஜில் வைத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் போன் அணைந்தால் உடனே சார்ஜரைத் தேடுகிற நாம், ரிமோட் அணைந்தால் டிவியோடு வந்த பழைய ரிமோட்டை எடுத்துக்கொண்டு இதை மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறோம். அது அங்கே வாரக்கணக்கில் கிடக்கிறது. பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அதோடு ஒட்டியிருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்டும் சிறிது குடித்துக்கொண்டே இருக்கும். 2 வோல்ட்டுக்கும் கீழே போய் நாட்கணக்கில் அப்படியே கிடந்தால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கிறது, பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி உண்டு. இப்படிச் செத்த பேட்டரியை வேறு சார்ஜரில் ஒயர் கட்டி உசுப்பிப் பார்க்கும் வேலையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

அதே சமயம், ஸ்டாண்டில் வைத்ததும் விளக்கு எரியவில்லை என்பதற்காகப் பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டவும் வேண்டாம். மிகவும் இறங்கிப்போன பேட்டரிக்கு ஒழுங்கான சார்ஜர் எடுத்த எடுப்பில் முழு கரண்ட் கொடுக்காது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து 3 வோல்ட் வரை மெதுவாக ஏற்றிய பிறகுதான் வேகம் பிடிக்கும், அது வரை திரை கறுப்பாகவே இருக்கலாம். ஒரு மணி நேரமாவது விட்டுப் பாருங்கள்.

சரி, அப்படியானால் எப்போதும் ஸ்டாண்டிலேயே நிறுத்தி வைத்துவிடலாமா? இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. லித்தியம் அயன் பேட்டரி 4.2 வோல்ட்டில் நிரம்புகிறது, நிரம்பியதும் நல்ல சார்ஜர் நிறுத்திக்கொள்ளும், ஆகவே வெடித்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் நிரம்பிய நிலையிலேயே மாதக்கணக்கில் வைத்திருப்பது ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்தபடியே விட்டுவைப்பது போல, மெதுவாக அதன் திறன் போகும். அதைவிடப் பெரிய எதிரி சூடு. ஸ்டாண்டுக்கு வசதியான இடம் என்று பலரும் ஆம்ப்ளிபயரின் மேல்பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒயரும் பக்கத்தில், பிளக்கும் பக்கத்தில். ஆம்ப்ளிபயர் ஓடும்போது அதன் மேல்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அந்தச் சூடும், பேட்டரி நிரம்பி நிற்பதும், இரண்டும் சேர்ந்தால்தான் ஒன்றிரண்டு வருடத்திலேயே பேட்டரி உப்பி, பின்மூடி சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வெயில் விழும் ஜன்னலோரமும் அப்படித்தான். ஸ்டாண்டை அலமாரியின் பக்கவாட்டுக்கோ சிறு மேசைக்கோ மாற்றினால் போதும், இதற்கு ஒரு செலவும் இல்லை. அப்புறம், உப்பிய பேட்டரியை அழுத்தி உள்ளே தள்ளவோ குத்தவோ கூடாது, சார்ஜ் போடுவதை அன்றோடு நிறுத்திவிட்டு மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

நீண்ட நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் பாதி சார்ஜில் பேட்டரியைக் கழற்றி, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைத்துவிட்டுப் போகலாம். கழற்ற முடியாத ரிமோட் என்றால் முழுவதுமாக அணைத்துவிட்டு வைக்கலாம், ஸ்லீப்பில் வைப்பது போதாது.

பேட்டரி போய்விட்டது என்று தூக்கி எறியப்படும் பல ரிமோட்டுகளில் பேட்டரிக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. ஸ்டாண்டில் சார்ஜ் ஏறும் ரிமோட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், இரண்டோ மூன்றோ சிறிய உலோகப் புள்ளிகள் இருக்கும், ஸ்டாண்டில் அதற்கு நேராக ஸ்பிரிங் வைத்த ஊசிகள். விரல் பிசுபிசுப்பும் தூசியும் சேர்ந்து அந்தப் புள்ளிகளின் மேல் ஒரு படலம் படிகிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பொன்னிறத்தின் நடுவில் மங்கலான கருவட்டமாகத் தெரியும். ஊசிகளில் ஒன்று மற்றதைவிடத் தாழ்ந்து, நகத்தால் அழுத்தினால் திரும்ப எழும்பாமல் சிக்கிக் கிடப்பதும் உண்டு. ரிமோட்டைக் கொஞ்சம் ஆட்டினால் சார்ஜ் விளக்கு எரிந்து அணைகிறதா, கோளாறு இங்கேதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் இரண்டு பக்கமும் துடைத்து, சிக்கிய ஊசியை மெதுவாக நாலைந்து முறை அழுத்தி விடுவித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புத்தாள் போட்டு மட்டும் தேய்க்காதீர்கள், மேல்முலாம் போய்விட்டால் பிறகு அடிக்கடி கறுக்கும். இப்படி ராத்திரி முழுக்கச் சார்ஜில் நின்றும் சார்ஜே ஏறாத ரிமோட்டைத்தான் காலையில் எடுத்துப் பார்த்துவிட்டு பேட்டரியைத் திட்டுகிறோம்.

ரிமோட்டில் எது சார்ஜைத் தின்கிறது என்பதிலும் தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பட்டனை அதிகம் அழுத்தினால் தீர்ந்துவிடும் என்று வீட்டில் குழந்தைகளைத் திட்டுகிறோம். ஒரு பட்டனை அழுத்தினால் முனையில் இருக்கும் அகச்சிவப்பு எல்இடி வினாடிக்கு 38,000 முறை என்ற வேகத்தில் மினுக்கி ஒரு குறியீட்டை அனுப்புகிறது. பல டிவிகளில் பயன்படும், என்இசி (NEC) எனப்படும் குறியீட்டு முறையில் ஒரு கட்டளை முடிய சுமார் 68 மில்லி விநாடிதான், அதாவது பத்தில் ஒரு பங்கு விநாடிகூட இல்லை. அழுத்தாத நேரத்தில் உள்ளே இருக்கும் சிப் தூங்குகிறது, தூங்கும்போது அது எடுப்பது சில மைக்ரோ ஆம்பியர் மட்டுமே (மில்லி ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோ ஆம்பியர்). 5 மைக்ரோ ஆம்பியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 1,000 மில்லி ஆம்பியர் மணி உள்ள ஏஏஏ செல்லில் அது 2,00,000 மணி நேரம், 22 வருடத்துக்கு மேல் ஓடும் கணக்கு. செல் அதற்கு முன்பே தானாகக் கெட்டுவிடும் என்பது வேறு. திரையில்லாத சாதாரண யுனிவர்சல் ரிமோட் ஒரே ஜோடி செல்லில் வருடக்கணக்கில் ஓடுவது இதனால்தான். சோபா இடுக்கில் செருகி ஒரு பட்டன் அழுந்தியபடியே கிடப்பது மட்டும் இதற்கு விதிவிலக்கு. சில ரிமோட்டுகள் கொஞ்ச நேரத்தில் தாமாகவே நிறுத்திக்கொள்ளும், நிறுத்தாத ரிமோட் செல்லைக் காலி செய்யாமல் விடாது.

தொடுதிரை, பட்டன்களுக்குக் கீழே வெளிச்சம், வைஃபை அல்லது புளூடூத், கையில் எடுத்தால் தானே விழிக்கும் அசைவு சென்சார், இதெல்லாம் சேர்ந்த ரிமோட்டின் கணக்கே வேறு. திரை எரியும்போது எடுக்கும் கரண்ட் பத்து மில்லி ஆம்பியர், இருபது மில்லி ஆம்பியர் என்ற ரகத்தில் போகும், தூங்கும்போது எடுப்பதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. அசைவு சென்சார் நீங்கள் எடுத்தால்தான் விழிக்கும் என்று நினைக்காதீர்கள், டீப்பாயில் யாராவது டம்ளரை வைத்தாலும் விழிக்கும், சப்வூஃபர் என்ற கனத்த ஒலிக்கான ஸ்பீக்கர் அதிர்ந்தாலும் விழிக்கும். படம் ஓடும் இரண்டு மணி நேரமும் மேசையில் கிடந்தபடியே அது விழித்து விழித்துத் தூங்கும். செட்டிங்கில் போய்த் திரை அணையும் நேரத்தைக் குறைப்பது, வெளிச்சத்தைக் குறைப்பது, அசைவில் விழிப்பதை நிறுத்துவது, இந்த மூன்றையும் செய்தாலே இரண்டு சார்ஜுக்கு நடுவே உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நீளும். இத்தனைக்கும் அந்த மெனுவைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம்.

செல் போடுகிற ரிமோட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவற்றைக் கொல்வது சார்ஜ் தீர்வதல்ல, செல் ஒழுகுவது. ஆல்கலைன் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டால் வாயு சேர்ந்து சீல் விட்டுக் கசியும், காற்றுப் பட்டு வெள்ளையாகப் பூத்துப்போய் ஸ்பிரிங்கை அரித்துவிடும். பழைய செல்லில் ஒன்று, புதுசில் ஒன்று என்று கலந்து போட்டால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், பலமான செல், தீர்ந்துபோன பலவீனமான செல்லுக்குள் கரண்ட்டை வலிந்து செலுத்தி அதன் பிளஸ் மைனஸையே தலைகீழாக்கிவிடுகிறது. மாற்றினால் ஜோடியாக, ஒரே வகையாக மாற்றுங்கள். பூத்துவிட்டதா, கைக்கு உறை போட்டுக்கொண்டு, வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ லேசாக நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புதுச் செல் போடுங்கள். பழைய மாடல் யுனிவர்சல் ரிமோட்டுகளில் சில, செல் இல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தால் நீங்கள் ஏற்றி வைத்த குறியீடுகளை மறந்துவிடும், அதனால் புதுச் செல்லைக் கையில் வைத்துக்கொண்டே பழையதைக் கழற்றுங்கள்.

ஏஏஏ அளவிலேயே சார்ஜ் ஏற்றும் செல் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட்தான், ரிமோட்டுக்குப் போதாது என்று கடைகளில்கூடச் சொல்கிறார்கள். 1.5 வோல்ட் என்று எழுதிய ஆல்கலைன் செல்லும் பாதி தீர்ந்ததும் 1.2 வோல்ட்டைச் சுற்றித்தான் நிற்கும், அப்போதும் ரிமோட் வேலை செய்கிறது அல்லவா? வாங்கும்போது தானாகச் சார்ஜ் சீக்கிரம் இறங்காத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். சான்யோ 2005-ல் எனிலூப் என்ற பெயரில் கொண்டுவந்தது அந்த வகைதான், இப்போது பலரும் தயாரிக்கிறார்கள். பழைய வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஒன்றிரண்டு மாதங்களில் தானாகவே பெருமளவு இறங்கிவிடும், மெதுவாகச் செலவழிக்கும் ரிமோட்டுக்கு அது ஒத்துவராது. ஆல்கலைன் செல்லைச் சார்ஜரில் வைக்கவே கூடாது. ஏஏஏ போலவே இருக்கும் 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் கடைகளில் கிடைக்கிறது, 10440 என்ற எண் போட்டிருக்கும், இரண்டை ரிமோட்டில் போட்டால் 3 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 7.4 வோல்ட் போய் ரிமோட் அன்றைக்கே போய்விடும்.

எதையும் தூக்கி எறிவதற்கு முன் ஒரு சோதனை. ரிமோட்டின் முனையை போன் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி போன் திரையில் ஊதா கலந்த வெள்ளையாக மினுக்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள், பின்பக்கம் இருப்பதில் பெரும்பாலும் அந்த ஒளியை வடிகட்டிவிடுவார்கள். மினுக்குவது மங்கலாக இருந்தால் செல், பளிச்சென்று இருந்தும் டிவி கேட்கவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ. புளூடூத்தில் மட்டும் பேசும் ரிமோட்டுக்கு இந்தச் சோதனை உதவாது.

பேட்டரி தீர்ந்ததை டிவி கெட்டதாக நினைத்துக்கொள்வது ரிமோட் பிறந்த காலத்திலேயே இருந்த பிரச்சினை. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்துக்காக ராபர்ட் ஆட்லர் வடிவமைத்து 1956-ல் வந்த ஸ்பேஸ் கமாண்ட் ரிமோட்டில் பேட்டரியே கிடையாது, பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும், காதுக்குக் கேட்காத அந்த ஒலியை டிவி பிடித்துக்கொள்ளும். பேட்டரி தீர்ந்தால் டிவிதான் போய்விட்டது என்று வாங்கியவர்கள் நினைத்துவிடுவார்கள் என்று விற்பனைப் பிரிவினர் வற்புறுத்தியதால்தான் அப்படிச் செய்தார்கள். வாங்குகிறவருடைய சிரமத்தை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

இன்றைய தயாரிப்பாளர்களிடம் அந்த அக்கறையை நான் எதிர்பார்க்கிறேன். ரிமோட் பத்து வருடம் உழைக்கும், உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி மூன்று, நான்கு வருடத்தில் தளர்ந்துவிடும். அதை ஒட்டி மூடிவிட்டால் நல்ல ரிமோட் ஒன்று குப்பைக்குப் போகிறது. லாஜிடெக் நிறுவனம் ஹார்மனி என்ற தன் யுனிவர்சல் ரிமோட்டுகளைத் தயாரிப்பதை நிறுத்துவதாக 2021 ஏப்ரலில் அறிவித்தது, அதற்குப் பிறகும் உலகம் முழுக்கப் பலர் அவற்றைப் பயன்படுத்தி வருகிறார்கள், பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிற மாடல் வைத்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அவர்களைக் கேட்டால் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி சட்டப்படி 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கச் சாதனங்களில் உள்ள பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும், சில விதிவிலக்குகள் தவிர. நல்ல சட்டம். ஆனால் அதே ஒன்றியம் 2024 டிசம்பரில் போனுக்கும் கேமராவுக்கும் ஹெட்போனுக்கும் கீபோர்டுக்கும் யூஎஸ்பி-சி கட்டாயம் என்று கொண்டுவந்தபோது அந்தப் பட்டியலில் ரிமோட்டைச் சேர்க்கவில்லை. அதனால் ஸ்டாண்டு உடைந்தால் அதே மாடல் ஸ்டாண்டைத் தேடி அலைய வேண்டிய நிலை தொடர்கிறது.

குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று. சின்ன ரிமோட்டுகளில் வரும் சிஆர்2032 போன்ற பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கிவிட்டால், உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் கடுமையாகப் புண்ணாக்கிவிடும், தீர்ந்துபோன செல்லாக இருந்தாலும்தான். சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மூடி ஸ்க்ரூ போட்டு மூடும் ரிமோட்டாகப் பார்த்து வாங்குங்கள், கழற்றிய செல்லை மேசையில் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. புதுச் சாதனங்களைப் பற்றி வாரந்தோறும் எழுதுகிறீர்கள், திரை எத்தனை அங்குலம், எத்தனை கருவியை இயக்கும் என்றெல்லாம் விவரமாகப் போடுகிறீர்கள். ரிமோட் என்றால் இதையும் சேர்த்துப் போடுங்கள்: உள்ளே இருப்பது எந்த வகை பேட்டரி, வீட்டிலேயே கழற்றி மாற்ற முடியுமா, மாற்றுப் பேட்டரியும் ஸ்டாண்டும் தனியாகக் கிடைக்கின்றனவா, சாதாரண யூஎஸ்பி-சி ஒயரில் சார்ஜ் ஏறுமா. நிறுவனம் பதில் சொல்லவில்லை என்றால், கேட்டோம், பதில் வரவில்லை என்றே அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்